கிழக்கு மேடையின் சக்கரங்கள்

அந்த ஸ்டேடியத்தைக் கட்டியவர்களுக்குப் பேராசை. கால்பந்தும் ஆட வேண்டும், ஓட்டப்பந்தயமும் நடக்க வேண்டும், கச்சேரியும் வைக்க வேண்டும். அதற்காகக் கிழக்குப் பக்கத்து இருக்கை மேடைகளைச் சக்கரத்தின் மேல் வைத்தார்கள். கால்பந்து என்றால் மேடைகளை மைதானத்தை ஒட்டித் தள்ள வேண்டும்; பந்தயம் என்றால் ஓடுபாதைக்கு வழிவிட்டுப் பின்னால் தள்ள வேண்டும். உட்கார்ந்து கைதட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தள்ளியவர்களுக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

அந்த ஆட்களுக்கு மேஸ்திரி ஒரு பெண். எல்லாருக்கும் அவள் மேஸ்திரியக்கா. கடப்பாரையால் முதல் நெம்பு நெம்புகிற அவள் அண்ணனுக்கு மட்டும், தலை நரைத்த பிறகும் பாப்பா. ஒவ்வொரு தடவையும் அவள் மேடைக்கு அடியில் தவழ்ந்து போய், தண்டவாளத்தில் கல் கிடக்கிறதா, எவனாவது படுத்துத் தூங்குகிறானா என்று பார்த்துவிட்டு வருவாள்.

“பார்த்துட்டியா பாப்பா?”

“பார்த்துட்டேன். தள்ளுண்ணே!”

அந்தச் சொல் வராமல் அண்ணன் நெம்ப மாட்டார்.

பிறகு கூரை ஒழுகியது. எல்லாவற்றுக்கும் என்று கட்டிய இடம் எதற்கும் உருப்படவில்லை என்று பத்திரிகைகள் கரித்துக்கொட்டின. பக்கத்திலேயே புதிதாகக் கட்ட முடிவாயிற்று. குறுக்கே நின்றது அண்ணன் வீடு இருந்த தெரு. ஸ்டேடியம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேனொழுகப் பேசினார்.

“புது ஸ்டேடியத்துல வேலைன்னா மொதல்ல உங்க ஆளுங்களுக்குத்தான். நீங்க சொன்னா அந்தத் தெருவே கேக்கும்.”

கேட்டது. அண்ணி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வீட்டை எழுதிக்கொடுக்கிற பத்திரத்தின் முன்னால் அண்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பார்த்துட்டியா பாப்பா?”

“பார்த்துட்டேன். போடுண்ணே!”

எதைப் பார்த்தாள்? மேனேஜரின் பல்லைப் பார்த்தாள். ஸ்டேடியம் என்றால் மேடை நகரும், நகர்த்த ஆள் வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒரே ஸ்டேடியத்தில் கிடந்தவளுக்கு வேறு நினைப்பு எங்கிருந்து வரும்?

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் புது ஸ்டேடியத்துக்குள் போனாள். பழக்கதோஷம், நேரே கிழக்கு மேடைக்கு அடியில் குனிந்தாள். தண்டவாளம் இல்லை. மேற்கே போய்க் குனிந்தாள். அங்கேயும் வெறும் காங்கிரீட்.

“சக்கரம் எங்க சார்?”

அங்கிருந்த இன்ஜினியர் சிரித்தேவிட்டார். “இது கால்பந்துக்கு மட்டும்மா. இங்க எதையும் நகர்த்த வேண்டியதில்ல.”

மேனேஜர் கையை விரித்தார். “தள்ளுற வேலையே இல்லையே, நான் என்ன பண்ண?”

“பெருக்குற வேலையாவது குடுங்க சார்.”

“அதெல்லாம் காண்ட்ராக்ட்.”

அவள் எரிச்சலோடு வெளியே வந்தாள். பாதி எரிச்சல் அவர்மேல், மீதி தன்மேல்.

அண்ணனுக்கு இப்போது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, வாடகைக்கு. கட்டிலுக்கு அடியில் கடப்பாரையை எண்ணெய் தடவித் துணி சுற்றி வைத்திருந்தார். “இது ஒண்ணுக்குத்தான் குறைச்சல்” என்று அண்ணி தினமும் தலையில் அடித்துக்கொள்வாள். புது ஸ்டேடியத்திலிருந்து நேரே வந்த தங்கையைக் கண்டதும் அண்ணன் அதை வெளியே இழுத்துத் துணியைப் பிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பார்த்துட்டியா பாப்பா?”

“பார்த்துட்டேன்.”

அண்ணன் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்காக நின்றார்.