இன்னும் ரெண்டுதான், மச்சான்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குள் வந்ததும் கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள், இல்லாவிட்டால் பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பார்கள். சயந்தன் பரிசோதிப்பான். ஒஸ்லோவிலிருந்து இரண்டு விமானம் மாறி, கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பாவின் நடையைப் பார்ப்பான். அம்மாவின் விரல்களைப் பார்ப்பான். மேசையில் புதிதாக ஏதும் மருந்துப் போத்தல் நிற்கிறதா என்று பார்ப்பான். பிறகு, வருடா வருடம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்பான்.

"எனக்குச் சொல்லாமல் ஏதும் நடந்ததோ?"

"நடந்தது. லிப்ற் பழுதாப் போச்சு," என்றார் இந்த முறை அப்பா தில்லைநாதன். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களுக்கு முன்னால் காலமெல்லாம் வைத்திருந்த முகம் அது. அதில் எதையும் வாசிக்க முடியாது. அம்மா அன்னபாக்கியத்தின் முகத்தில் வாசிக்கலாம். அது தெரிந்துதான் அவ உடனே தேத்தண்ணி வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டா.

அவன் இப்படித் துருவுவதற்குக் காரணம் இருந்தது. மாமா காலமான செய்தியே எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் அவனுக்கு வந்தது. "பனிக்குள்ளை தனிய இருக்கிற பிள்ளை, ஏன் குழப்புவான்" என்று எல்லோரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. நல்ல செய்தியைப் போனில் உடனே சொல்லுவோம். கெட்ட செய்தியை மடித்து அலுமாரியில் வைத்து, ஆள் வரும்போது எடுத்துக் கொடுப்போம். அப்பா அம்மாவுக்கு ஒன்று நடந்தாலும் இப்படித்தான் மடித்து வைப்பார்களோ என்பதுதான் சயந்தனுக்கு இருந்த ஒரே பயம். அப்படியென்றால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, வருடம் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி.

வீடியோவில் பார்த்தும் ஒன்றும் பிடிபடாது. அம்மா போனைப் பிடித்தால் மின்விசிறியும் அரை நெற்றியும்தான் தெரியும். மிச்சமெல்லாம் ஆட்டம். போன வருடம் வைகாசியில் மட்டும் கொஞ்சக் காலம் படம் ஆடாமல் அசையாமல் நின்றது. பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் இஸ்திரி போட்ட சேட்டோடு அப்பா. அம்மா ஒருவழியாகப் பழகிவிட்டா என்று அவன் சந்தோஷப்பட்டான். அப்போது ஓடி வாங்கிய பதக்கத்தைக்கூடத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

ஓட்டம் என்றால் முர்ஷித்தைச் சொல்லாமல் முடியாது. கொட்டாஞ்சேனையில் பெயின்ற் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்து நெடுந்தூர ஓட்டத்தில் சயந்தன் இரண்டாவதாக வந்தபோது, பந்தல் கழற்றுகிற நேரத்தில் வந்து சேர்ந்தவன். கடைசியாக வந்தவன்தான் இன்றுவரை விடாமல் ஓடுகிறான். விடிகாலையில் மரைன் டிரைவிலும் காலிமுகத்திடலிலும் ஓடுகிற ஒரு கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். சயந்தன் வருடா வருடம் வருகிற நாளைத் தீர்மானிப்பதே கொழும்பு அரை மரதனை வைத்துத்தான். அப்பா அம்மாவையும் பார்க்கலாம், முர்ஷித்தோடு இருபத்தொரு கிலோமீற்றரும் ஓடலாம். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளின் தெம்பில்தான் அவன் மிச்ச வருடத்தைப் பனிக்குள் தள்ளுகிறான்.

முர்ஷித் தங்கமான ஆள். ஒரு குணம்தான் பொல்லாதது. களைத்தவன் எவன் கேட்டாலும் தூரத்தைப் பொய்யாகத்தான் சொல்லுவான். ஒன்பது கிடந்தாலும் "இன்னும் ரெண்டுதான், மச்சான்" என்பான். ஐந்து கிடந்தாலும் அதே ரெண்டு. "மனசு ஒடஞ்சிரும்டா" என்பது அவனுடைய நியாயம். சயந்தனுக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ரெண்டு என்று நம்பி இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு நாக்குத் தள்ள ஓடினவனுக்குத்தான் அந்த ஆத்திரம் தெரியும்.

இன்னொரு விஷயம். இத்தனை வருடப் பழக்கத்தில், சயந்தன் அறிய, முர்ஷித் ஒருநாளும் மேலே வீட்டுக்கு வந்ததில்லை. "இந்த வேர்வையோட ஆன்ட்டிட வூட்டுக்கு வரவா?" என்று கீழே நின்றே மோட்டார் சைக்கிள் ஹோர்னை அடிப்பான். அம்மாவும் பல்கனியிலிருந்து கையை ஆட்டுவா. அவ்வளவுதான் உறவு என்று சயந்தன் நினைத்திருந்தான்.

ஓட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை காலையில், காலிமுகத்திடல்வரை போய்த் திரும்பும்போது, பம்பலப்பிட்டி ஸ்டேஷனடியில் சயந்தனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்புத்தான். ஆனால் லிப்ற் இல்லாத வீட்டுக்கு நாலு மாடி ஏறவேண்டும். முர்ஷித் அவனுடைய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றினான். நாலாம் மாடியில், வீட்டுக் கதவுக்கு முன்னால் ஒரு இரும்புக் கேற். கடல் உப்பில் துருப்பிடித்து, எந்த வெல்டிங்காரனுக்கும் மசியாத கேற். இடது காலால் அடியில் கொஞ்சம் தூக்கி, அதே மூச்சில் தோளால் தள்ளினால்தான் திறக்கும். வீட்டுப் பிள்ளை சயந்தனுக்கே ஒவ்வொரு முறையும் இது மறந்துபோய், வந்த புதிதில் கேற்றோடு மல்லுக்கட்டுவான்.

முர்ஷித் பேச்சுவாக்கில் இடது காலைக் கொடுத்தான், தோளைக் கொடுத்தான். கேற் ஒரே தள்ளில் திறந்தது.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "முர்ஷித் தம்பியே? சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, அப்பிடியே வாங்கோ. சீனி போடாமல் தேத்தண்ணி கொண்டாறன்."

சயந்தன் முர்ஷித்தைப் பார்த்தான். முர்ஷித் கேற்றைப் பார்த்தான். தேத்தண்ணியோடு வந்த அம்மா, இரண்டு பேரையும் ஒன்றாகக் கண்டு அப்படியே நின்றுவிட்டா. பேப்பரிலிருந்து தலையை எடுத்தவர் அப்பா மட்டும்தான்.

"பிடிபட்டாச்சு," என்றார்.

நடந்தது இதுதான். போன வைகாசியில் ஒரு விடியக்காலை அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. கறண்ட் இல்லை, லிப்ற் இல்லை. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சயந்தனே ஒட்டிவைத்த முர்ஷித்தின் நம்பர் இருந்தது. தான் ஓடப்போய் வரப் பிந்தினால் கூப்பிடச் சொல்லி ஒட்டியது. அம்மா அதற்கு எடுத்தா. முர்ஷித்தும் கூட்டமும் அந்நேரம் மரைன் டிரைவில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். காற்சட்டையோடும் சப்பாத்தோடும் அப்படியே வளைந்து வீட்டுக்குப் போகிற சின்ன ஒழுங்கைக்குள் ஓடிவந்து, நாலு பேர் படியேறி, அப்பாவை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கூட்டத்தில் ஓடுகிற டில்ஷானி என்ற நர்ஸ் அப்பாவின் கையைப் பிடித்தபடி கூடவே இறங்கினாள். அந்த நிலைமையிலும் தில்லைநாதன், "சுவரிலை இடியாதேங்கோ, புதுப் பெயின்ற்," என்றாராம்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துப் பக்கத்தில் இருந்ததும், வீட்டுக்கு வந்த பிறகு முர்ஷித் தலைமையில் அடிக்கடி படியேறி வந்து பார்த்ததும் அந்தக் கூட்டம்தான். முர்ஷித்தின் மனைவி ரிஸ்லா கொட்டாஞ்சேனையிலிருந்து உப்பில்லாத சூப் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். வீடியோ எடுக்கும் நேரம் வந்தால் அப்பாவுக்குச் சேட்டைப் போட்டுவிட்டு, வெள்ளைச் சுவரோரம் நிமிர்த்தி இருத்துவார்களாம்.

"அப்ப போனைப் பிடிச்சது?" என்றான் சயந்தன்.

"நான்தான்," என்றான் முர்ஷித், தரையைப் பார்த்துக்கொண்டு. "அங்கிள் என்ட கையப் புடிச்சிட்டுச் சொன்ன, ஒனக்குத் தெரிய வாணாம்னு. நான் என்ன செய்ற?"

அசையாமல் நின்ற அந்தப் படம் சயந்தனின் கண்ணுக்குள் வந்தது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டில். இந்தப் பக்கம் இவன் பதக்கத்தை ஆட்டிக்கொண்டு. வெட்கமும் கோபமும் ஒன்றாக ஏறின. முர்ஷித் தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து படியிறங்கிவிட்டான். அவனை நிறுத்தவேண்டும் என்றுகூடச் சயந்தனுக்குத் தோன்றவில்லை.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன செய்திருப்பாய்?"

"அடுத்த பிளேனிலை வந்திருப்பன்."

"அதுக்குத்தான் சொல்லேல்லை."

"அப்ப நான் இந்த வீட்டுப் பிள்ளையோ, விசிற்றரோ?"

தில்லைநாதன் பேப்பரை மடித்து வைத்தார். "நானும் ஒண்டு கேக்கிறன். அதுக்கு முந்தின மாரி காலத்திலை உனக்கு வேலை போனது. சொன்னனியோ?"

சயந்தன் குனிந்து கெண்டைக்காலைத் தேய்க்கத் தொடங்கினான்.

"வேலைநாளிலை, பட்டப்பகலிலை, இஸ்திரி போட்ட சேட்டோடை வீட்டுச் சோபாவிலை இருந்து எனக்கு எடுப்பாய். கேட்டால் மீற்றிங் முடிஞ்சுது எண்டுவாய். நான் பாங்கிலை எத்தினை பேரின்ரை முகம் பாத்தவனடா."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?"

"நீ மறைக்கப் பாடுபட்டாய். நானும் தெரியாத மாதிரி இருக்கப் பாடுபட்டன்."

அம்மாதான் முதலில் சிரித்தா. சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடிந்தது. "தேப்பனும் மகனும் சேட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் நல்லா ஏமாத்தியிருக்கிறியள். எனக்கெல்லோ நெஞ்சு வெடிச்சது." அந்த அழுகைக்கு முன்னால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சயந்தன் அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இந்தக் கை இன்னும் சூடாக இருக்கிறது. அது இவனால் அல்ல, காற்சட்டையோடு படியேறிய சில ஓட்டக்காரர்களால்.

பின்னேரம் அவன் கொட்டாஞ்சேனைக்குப் போனான். முர்ஷித் கடையில் பெயின்ற் கலக்குகிற மெஷினுக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான்.

"மச்சான், நன்றி," என்றான் சயந்தன். அந்தச் சொல் போதவே போதாது என்பது சொல்லும்போதே தெரிந்தது.

"ஒனக்குப் பைத்தியமா? நாலு மாடி கதிரையோட எறங்கினா தொடைக்கு நல்ல ட்ரெய்னிங்டா. அந்த வருஷம் எல்லாருக்கும் டைம் கொறஞ்ச." சொல்லிவிட்டு முர்ஷித் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒன்ட வாப்பாவ அப்பிடிப் பாக்கக்குள்ள எனக்கு என்ட வாப்பா ஞாபகம் வந்த."

மெஷின் நின்றது. முர்ஷித் டின்னை வெளியே எடுத்து மூடியை அடித்து இறுக்கினான்.

"ஒண்டு மட்டும் கேக்கிறன்," என்றான் சயந்தன். "இனி எனக்குப் பொய் சொல்லாதை. வீட்டு விசயத்திலையும் சரி, ஓட்டத்திலையும் சரி."

"ஓட்டத்துலயுமா?" முர்ஷித்துக்கு அதுதான் கூடுதல் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. பாதி தாண்டியதும் சயந்தனுக்குக் கால் ஈயமாகக் கனத்தது. "இன்னும் எவ்வளவு?" என்று கேட்டான். முர்ஷித் வாயைத் திறந்தான். ரெண்டு என்ற சொல் அவனுடைய உதட்டுவரை வந்து நின்றது கண்ணுக்கே தெரிந்தது. அதை விழுங்கினான்.

"ஏழு," என்றான், யாரையோ காட்டிக்கொடுத்தவன் குரலில்.

சயந்தன் சிரித்துவிட்டான். ஏழு என்றால் ஏழுக்குத் தக்கதாக ஓடலாம். மூச்சைப் பங்கிட்டுக்கொண்டு, இருவரும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். நல்ல நேரம் ஒன்றுமில்லை. ஆனால் வழி முழுக்க, தன்னை முந்திப்போன ஒவ்வொரு முகத்தையும் அவன் நன்றியோடு பார்த்தான். இதில் யார் கதிரையின் எந்தக் காலைப் பிடித்தார்களோ, யாருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அந்தக் கூட்டமே மேலே வந்தது. அம்மா சப்பாத்துகளைக் கழற்றவிடவில்லை. சோறும் கணவாய்க் கறியும் பரிமாறினா. அப்பா அதே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, "இறக்கினியள், ஏத்தின ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நான் நடந்துதான் ஏறினனான்," என்று எல்லோருக்கும் கேட்கப் பெருமை அடித்தார். விமானம் ஏறும் நாளில் சயந்தன் அப்பா அம்மா இருவரிடமும் சொன்னது ஒன்றுதான்: "என்னை விருந்தாளி ஆக்காதேங்கோ." அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வங்கி முகம்.

மாசி மாதம். ஒஸ்லோவில் ஆற்றங்கரையோரம், பனிக்குள், சயந்தன் காலை ஓட்டத்தில் இருந்தான். போன் அடித்தது. வீடியோ. அப்பாவின் முகம் நிறைய நின்றது.

"தம்பி, அம்மா குளியலறையிலை வழுக்கி விழுந்திட்டா." நிறுத்தினார். அவர் வழக்கமாகப் போடுகிற 'பெரிசா ஒண்டுமில்லை' தொண்டையில் வந்து நின்று திரும்பிப் போனது இவனுக்குத் தெரிந்தது. "கை முறிஞ்சு போச்சு. மணிக்கட்டு. இப்பதான் பிளாஸ்ரர் போடினம். நல்லா நோகுது எண்டுறா. உனக்குச் சொல்லத்தான் எடுத்தனான்."

சயந்தன் பனிக்குள் அப்படியே நின்றுவிட்டான். அம்மாவின் கை முறிந்த துக்கம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் செய்தி மடிபடாமல், சுடச்சுட, அது நடந்த அன்றே தன்னிடம் வந்து சேர்ந்திருந்தது. அப்போதுதான் கவனித்தான், படம் கொஞ்சமும் ஆடவில்லை.

"முர்ஷித்," என்றான். "போனைத் திருப்படா."

போன் திரும்பியது. ஓட்டக் காற்சட்டையும் வேர்வையுமாக முர்ஷித். பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர்.

"எவ்வளவு நாளைக்காம் பிளாஸ்ரர்?"

"ஆறு கெழம, மச்சான்," என்றான் முர்ஷித். "ஆறுதான். ரெண்டுன்னு சொல்லல்ல."

சயந்தன் கையுறையால் கண்ணைத் துடைத்தான். "அம்மாட்டைக் குடு. கதைக்கவேணும்."