மேனேஜரின் நடை

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டு நாய்க்கு வேலை இருந்தது. கண் தெரியாத என் தம்பியை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், நாள் முழுக்க அவன் மேசைக்கடியில் படுத்திருந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் ஏதோ நல்ல பெயர்தான் வைத்து அனுப்பினார்கள். எங்கே நிற்பது, எப்போது தெருவைக் கடப்பது என்று எல்லாவற்றையும் நாயே முடிவு செய்வதைப் பார்த்து நான்தான் மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதுவே நிலைத்துவிட்டது.

முதுகில் கைப்பிடி வைத்த பட்டையை மாட்டிவிட்டால் அவன் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். யாரும் தொடக் கூடாது, கொஞ்சக் கூடாது. பட்டையைக் கழற்றினால்தான் அவன் நாய்.

அவன் வருவதற்கு முன்னால் தம்பிக்கு என் முழங்கைதான் வழி. கோல் வைத்திருந்தான். ஆனால் எங்கள் தெருவில் தோண்டாத இடமே கிடையாது, கோலை நம்பி விட எனக்கு மனசு வரவில்லை. காலையில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று துணி தேய்த்துவிட்டு, மறுபடி போய் அழைத்து வருவேன். மேனேஜர் வந்தபோது பாசமெல்லாம் எனக்கு வரவில்லை. என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் தம்பி அலுவலகப் படியில் வழுக்கி முட்டியில் அடிபட்டுக்கொண்டான். மறுநாளே மேனேஜர் நடையைக் குறைத்துவிட்டான். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், பிடித்து வருகிறவர் நடைக்குத் தக்க நடக்க வேண்டும் என்று. தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாருக்கா, எனக்கு வலிக்குதுன்னு அவனுக்குத் தெரியுது. பாதி வேகத்துலதான் போறான்."

"எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு இந்த வீட்டுல யாருக்குத் தெரியுது?"

அதற்கும் சிரித்தான். நாள் போகப் போக அந்த நடை கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிட்டது. இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு வந்தார்கள். மேனேஜர் தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம் கிடந்தது. புழுக்கம், அதான் சாப்பிட மாட்டேங்கறான் என்றான் தம்பி. நானும் சரி என்று விட்டுவிட்டேன். வேலை முடிந்து வந்து நாயின் பசியைப் பற்றி யோசிக்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஒரு நாள் காலையில் கூடத்துத் தரையில் சொட்டுச் சொட்டாக எதையோ பார்த்தேன். மேனேஜரின் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மண்டிபோட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

"ஈரமா இருக்கு. நாய் மூக்கு ஈரமாத்தானேக்கா இருக்கும்?"

"சிவப்பா இருக்குடா."

அவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு பூனையும், படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்க மறுத்த ஓர் ஆடும் காத்திருந்தன. எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா மேனேஜரின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. வயிற்றில் முடி இல்லாத இடத்தில் குண்டூசி குத்தினமாதிரி சிவப்புப் புள்ளிகள். காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார்.

"தினமும் தடவிப் பாக்கறேனே டாக்டர்," என்றான் தம்பி. "காதுக்குள்ள, விரல் இடுக்குல. கெடைச்சதையெல்லாம் எடுத்துப் போட்டிருக்கேன்."

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா உண்ணி ரத்தம் குடிச்சு ஊதினப்புறம்தான் கைக்குத் தட்டுப்படும். அதுக்குள்ள கிருமி உள்ள போயிடுது. வெளுத்த ஈறும் இந்தப் புள்ளியும் கையால தடவினா தெரியற விஷயம் இல்ல சார். உங்க மேல தப்பில்ல." பிறகு கேட்டார்: "நடையில ஏதாவது வித்தியாசம்?"

"மெதுவாத்தான் நடந்தான். என் முட்டியில அடி. அதுக்காகன்னு நெனச்சேன்."

"முட்டி எப்ப சரியாச்சு?"

தம்பியின் கை தன் முட்டிக்குப் போனது. "அது சரியாகி ரொம்ப நாளாச்சு."

"அப்புறமும் ஏன் மெதுவா நடந்தீங்க?"

"எனக்காக நடக்கறவனை எப்படி அவசரப்படுத்தறதுன்னுதான்."

தம்பி நாயின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் அழுது நான் பார்த்தது நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதுதான்.

மேனேஜர் பிழைத்தான். ஊசி, மாத்திரை, பாதி நாள் படுக்கை. என் முழங்கை பழையபடி வேலைக்குப் போனது. காலையில் தம்பி, பகலில் துணி, மாலையில் தம்பி, வந்ததும் நாய்க்கு மாத்திரை. நாய் அதைத் துப்பும், நான் பொறுக்கித் திரும்ப வாயில் போடுவேன். படுத்தால் கால் என்னுடையதுதானா என்றே சந்தேகமாக இருந்தது.

பயிற்சிப் பள்ளியிலிருந்து அவனைப் பழக்கிய பயிற்சியாளர் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்தக் காய்ச்சல் மூட்டில் தங்கிவிடுவது உண்டாம். "ஆபீஸ் வரைக்கும் பழைய நடையில போயிட்டு வந்தான்னா வேலையில இருக்கட்டும். இல்லன்னா ஓய்வு குடுத்து வீட்டு நாயா வெச்சுக்கங்க. புது நாய்க்கு நெறைய பேர் காத்திருக்காங்க, எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாது. நீங்களே நடந்து பாத்துச் சொல்லுங்க. அந்தக் கைப்பிடியில என்ன வருதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அடுத்த விடுமுறை நாளில் கிளம்பினோம். நான் பின்னாலேயே போனேன். கடவுளே, இந்த நாய் நடக்க வேண்டும் என்று எனக்கும் வேண்டுதல்தான். நாய்க்காக இல்லை, என் கைக்காக. தம்பி வேண்டுமென்றே எட்டிப் போட்டு நடந்தான். மேனேஜர் சளைக்காமல் இழுத்துக்கொண்டு போனான். அலுவலக வாசலைத் தொட்டுத் திரும்பும்போது எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் தம்பி நின்றுவிட்டான்.

"என்னடா?"

"கைப்பிடி தொய்யுது."

"நல்லாத்தானே போறான்."

"இல்லக்கா. எனக்காக மெதுவாப் போனா கைப்பிடி விறைப்பா இருக்கும். அடக்கிப் பிடிச்சுக்கிட்டு நடப்பான். இப்ப அடக்கிப் பிடிக்க அவன்கிட்ட தெம்பே இல்ல. காய்ச்சல் வந்தப்பவே எனக்கு இது தெரிஞ்சிருக்கணும்."

"வீடு இதோ வந்துடுச்சு. மெதுவாப் போய்ச் சேந்துடலாம். நல்லா நடந்தான்னு சொல்லிடு, யாரு பாக்கப் போறா?" நான்தான் சொன்னேன். அவ்வளவு களைப்பு எனக்கு.

தம்பி நடைபாதையில் உட்கார்ந்து பட்டையின் கொக்கியைக் கழற்றினான். நடுத்தெருவில் அதை ஒரு நாளும் கழற்றியதில்லை. மேனேஜருக்குப் புரியவில்லை. பட்டைக்குள் தலையை விட முட்டி முட்டிப் பார்த்தான்.

"போதும்டா," என்றான் தம்பி. "என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது போதும்."

பட்டையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "அக்கா, கை."

ஒரு கையில் நாயின் கயிறு, மறு முழங்கையில் தம்பி. அவன் விரல்கள் பழைய இடத்திலேயே வந்து பிடித்தன. வலித்தது. பின்னால் வந்த ஒருவர் வழி விடச் சொல்லி இரண்டு முறை கனைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"மேனேஜர் இன்னிக்குத்தான் ரிட்டயர் ஆனார் சார். மெதுவாத்தான் வருவார்."

அவர் ஒன்றும் புரியாமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். நாங்கள் நாயின் நடைக்கு நடந்து வீடு போய்ச் சேர்ந்தோம்.