சாந்தகுமாரி வேக்குவம் வாங்கிய கதை

1

இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்து பார்த்தேன், ஆறவில்லை. என் கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி தூசி உறிஞ்சும் வேக்குவம் ஒன்று வாங்கினாள். நடந்தது இவ்வளவுதான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அதை விற்ற கடைக்காரரும் அதையேதான் கேட்டார்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'மழை விட்டிருந்த ஒரு காலையில் புனேயில் எங்கள் சாங்விப் பகுதியின் தெருக்கள் கழுவிவிட்டதுபோல...' மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படியே விடுகிறேன்.

2

சாந்தகுமாரி கோயம்புத்தூர்க்காரி. கணவர் அருண்ராஜுக்குத் தளேகாவில் தொழிற்சாலை வேலை. அதற்காகப் புனே வந்தவர்கள். எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறார்கள். மகள் ப்ரீதிக்குப் பன்னிரண்டு வயது. பிறவியிலிருந்தே அவள் தசைகள் சொன்னபடி கேட்பதில்லை. தாங்கல் இல்லாமல் உட்கார முடியாது. ஒரு சொல்லை வாய்க்குக் கொண்டுவர நேரமாகும். கடையில் விற்கும் நாற்காலி எதுவும் அவள் முதுகுக்குப் பொருந்தவில்லை. பொருந்திய ஒன்றும் அவள் வளர்ந்ததும் சிறிதாகிவிட்டது. சாந்தகுமாரி வங்கி வேலையை விட்டாள், மரவேலை கற்றாள், பாத்திரம் கழுவும் ட்ரை பால்கனியில் ப்ளைவுட்டை அறுத்துத் தேய்த்துத் தானே நாற்காலி செய்ய ஆரம்பித்தாள்.

(இந்த இடத்தில் அவளைத் தியாகத் தாயாக்கிவிட ஆசை வந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அளவு தப்பி அறுத்துவிட்டால் கெட்ட வார்த்தை பேசுவாள்.)

மரத்தைத் தேய்க்கும் சாண்டர் மாவுபோல் தூசி கிளப்பும். நாற்காலி யாருக்காகவோ, அந்த ப்ரீதிக்கே மூச்சு இழுக்கத் தொடங்கியது. வீட்டிலிருந்த வேக்குவத்தைச் சாண்டரின் வாயில் செருகிப் பார்த்தாள். முன்னால் உறிஞ்சியதை அது பின்னால் ஊதியது. கண்ணுக்குத் தெரியாத தூசிதான் நுரையீரலுக்குள் போகிறது, அதை நிறுத்துங்கள் அல்லது மரவேலையை நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

3

கடைக்கு என்னையும் அழைத்துப் போனாள். கடைக்காரர் பளபளப்பான ஒன்றைக் காட்டி, எவ்வளவு பலமாக இழுக்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நுண்ணிய தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டா, குழாய் என் சாண்டரில் பொருந்துமா, சாண்டரைப் போட்டதும் இதுவும் தானாக ஓடுமா என்று அவள் கேட்டதற்கெல்லாம், வீட்டுக்கு இதுவே அதிகம் மேடம் என்றார்.

சாந்தகுமாரி பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள். உள்ளே மரத்தூசி. வேக்குவத்தை ஓடவிட்டுத் தூசியை ஊட்டினாள். என் கறுப்புத் துப்பட்டாவை வாங்கிக் காற்று வெளியேறும் பக்கம் பிடித்தாள். துணியில் வெளுத்த வட்டம் ஒன்று விழுந்தது. கடையை அழுக்காக்குகிறீர்கள் என்று கடைக்காரர் கத்தவில்லை, மரியாதையாகவே சொன்னார். பிறகு இன்னும் மரியாதையாக, "சார் கோ லேகே ஆயியே" என்றார். சாரை, அதாவது அவள் கணவரை, அழைத்து வர வேண்டுமாம்.*

அடுத்த விடுமுறையில் சார் வந்தார். வாயே திறக்கவில்லை, நின்றார். உள் அறையிலிருந்து வேறொரு மெஷின் வந்தது. இரட்டை ஃபில்டர், உள்ளே பை, சாண்டரைச் செருக அதிலேயே பிளக். மறுபடி டப்பா, மறுபடி துப்பட்டா. இந்த முறை துணி கறுப்பாகவே இருந்தது. அன்றைக்கும் இது உள்ளேதானே இருந்தது என்று சாந்தகுமாரி கேட்டாள். கடைக்காரர் அருண்ராஜைப் பார்த்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"என்கிட்ட சொல்லாதீங்க. தூசியில நிக்கறது அவங்க" என்று அருண்ராஜ் இந்தியில் சொன்னார்.

(ஒரு வரைவில் அவள் வாங்காமல் வெளியே நடந்துவிடுகிறாள். எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. ஆனால் வேறெந்தக் கடையிலும் அந்த மெஷின் இல்லை. வீட்டில் பெண்ணுக்கு மூச்சு இழுக்கிறது. என் ஆத்திரத்துக்காக அவள் வெறுங்கையோடு போக முடியாது. வாங்கினாள்.)

* அந்தச் சார் சுவரில் ஆணி அடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்.

4

தூசி நின்றது. ப்ரீதி இரவில் இருமாமல் தூங்கினாள். கதை இங்கே முடிந்திருக்கலாம்.

கட்டடத்தின் செயலாளர் கேஷவ் வந்தார். முன்பு தன் ஸ்கூட்டரில் மரத்தூசி படிகிறது என்று சண்டை போட்டவர். இப்போது சத்தம் என்றார். தூசியாவது வாயை மூடிக்கொண்டு இருந்தது என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். பகலில்தான் ஓட்டுகிறேன், கதவை அடைத்துத்தான் ஓட்டுகிறேன் என்று சாந்தகுமாரி சொன்னாள். அவர் மறுபடியும் சத்தம் என்றார். கோபம் முற்றியதும் அவள் அருகில் நின்றிருந்த என் பக்கம் திரும்பித் தமிழில் கொட்டினாள்:

"தூசின்னாருங்க, நிறுத்தியாச்சு. இப்ப சத்தம்ங்கறாரு. அடுத்து என்னன்னு இப்பவே கேட்டுச் சொல்லுங்கக்கா, அதுக்கும் சேர்த்தே ஒரு மெஷின் வாங்கிக்கறேன்."

அப்போது புது நாற்காலியிலிருந்து ப்ரீதி, "காகா..." என்றாள், மராத்தியில் மாமா. அடுத்த சொல்லுக்காக அவள் உதடுகள் முயன்றுகொண்டிருந்தன. கேஷவ் கைபேசியைப் பார்த்தார், போய்விட்டார்.

என் முதல் வரைவில் அவள், 'காகா, உங்க வீட்டு மிக்ஸி மட்டும் பாட்டா பாடுது?' என்று கேட்டாள். நல்ல வசனம். அடித்துவிட்டேன். அவள் பேசி முடிக்குமுன் நான் முடித்துவைப்பதும் கேஷவ் செய்ததும் ஒன்றுதான்.

அவர் படியேறிப் போன பிறகு மீதி வந்தது. "ஆத யா." உள்ளே வாங்க. அவ்வளவுதான் சொல்ல வந்திருக்கிறாள்.

5

ஒரு முடிவில் கேஷவ் திரும்பி வந்து, உள்ளே உட்கார்ந்து, டீ குடிக்கிறார். நம்ப முடியவில்லை. இன்னொன்றில் மெஷினை விற்றுவிட்டு அவர்கள்... இதை எழுத மாட்டேன்.

உண்மையில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் கூட்டம். வீடுகளுக்குள் இப்படிப்பட்ட மெஷின்களைத் தடைசெய்யலாமா என்று வாக்கெடுப்பு. நான் எப்படி வாக்களிப்பேன் என்று சாந்தகுமாரிக்குத் தெரியும். மற்றவர்களைப் பற்றி அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்களும் ஏதோ ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர்தான். அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று ப்ரீதியும் வருகிறாள், பேசப்போகிறாளாம். அவள் முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தீர்களா என்பதை எழுதுங்கள். மற்றதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.