மாற்றிக்கொண்ட டூட்டி

தீயணைப்பு நிலையத்தில் எனக்கு ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வர முடியும். தீபாவளி, மகள் நித்யஸ்ரீயின் பிறந்தநாள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் டூட்டி நாளில்தான் வரும். கல்யாணமான புதிதில் என் மனைவி லோகப்பிரியா இதற்காகச் சண்டை போடுவாள். பிறகு நிறுத்திவிட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

போன வாரம், கூட வேலை செய்யும் பாலகோபால் தன் மச்சினன் கல்யாணத்துக்காக நாள் மாற்றிக் கேட்டார். என் டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அவருடையதையும் சேர்த்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்கச் சூலூர்ப் பக்கம் ஒரு பஞ்சுக் குடோனில் வேலை. பஞ்சில் தீ மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கிளறிக் கிளறித் தண்ணீர் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் முறையை அவர் பார்க்க, நான் வீட்டுக்கு வந்தேன். நித்யஸ்ரீ தூங்கிக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா தோசை சுட்டுப் போட்டாள். தின்றுவிட்டு உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அவ்வளவுதான் தெரியும்.

மத்தியானம் எழுந்தால் வீட்டில் யாரும் இல்லை. வாசல் கதவை இழுத்தேன். வெளியே பூட்டியிருந்தது. போன் செய்தேன்.

"ஏனுங்க, பயப்படாதீங்க. பாப்பா மாடிப்படியில உழுந்துட்டா. தாடையில தையல் போட்டிருக்குதுங்க. பக்கத்து ஊட்டுச் சாந்தாமணியக்காதான் ஸ்கூட்டர்ல கூட்டியாந்தாங்க. நீங்க டூட்டி முடிஞ்சு நாளைக்கு வந்தாப் போதும்."

"நான் ஊட்லதான் இருக்கேன்."



"ஐயோ, சுத்தமா மறந்துபோட்டேனுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. யார் வீட்டு மாடு கிணற்றில் விழுந்தாலும் கயிற்றோடு ஓடுகிறவன் நான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் என் குழந்தை ரத்தத்தோடு அழுதிருக்கிறாள். என்னை எழுப்ப வேண்டுமென்று லோகப்பிரியாவுக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்திருக்கிறாள். அதுதான் வலித்திருக்க வேண்டும். ஆனால் மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

பின்கதவு வழியாக வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் தாடைக் கட்டோடு உட்கார்ந்திருந்த நித்யஸ்ரீ என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அப்பா! எனக்காக டூட்டிய உட்டுப்போட்டு வந்துட்டீங்களா?"

லோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங் கண்ணு" என்றேன். "கேட்டதும் ஓடியாந்துட்டேன்."

தையல் வலியையும் மறந்து அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மாளிடம் திரும்பினாள்.

"எங்கப்பா எதுக்குமே லீவு போடமாட்டாருங்க. எனக்காகப் போட்டிருக்காரு."