வலி அடங்கிய வேளை

மழை ஓய்ந்த பிற்பகலில், மேற்றிசைக் கதிர் கருமுகில்களின் விளிம்பைக் கிழித்துக்கொண்டிறங்கி, நகரத்து நெடுமாடங்களிற் பதித்த கண்ணாடிகள்தோறும் செம்பொன்னை உருக்கி வார்த்தாற்போற் சுடர்ந்தது. ஊர்திகள் தேங்குநீரைச் சிதறிச் செல்ல, குடை மடக்கிய மாந்தர் வீடுநோக்கி விரைய, தெருவே கழுவிய கலம்போல் பொலிவுற்றிருக்க, ஒடுங்கிய மாடியறை ஒன்றில் மட்டும், அறிவுசால் அன்பரே, ஓர் ஆண்மகனின் அலறல் ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தது.

அவன் கண்ணாடி பதிக்கும் தொழிலாளி. முற்பகலில் ஏணி சறுக்கி வீழ்ந்து, முன்கையின் ஈரெலும்பும் முறிந்து, மருத்துவமனையில் நேர்செய்யப்பெற்று, மாவுக்கட்டுடன் மீண்டிருந்தான். முள் தைத்தாலும் ஊரைக் கூட்டுபவன் ஆதலின் வீட்டில் அவன் பெயர் ‘சங்கு’. ஆகவே, கட்டினுள் நெருப்பு எரிவதாக அவன் கதறியபோது, மூவுருளி ஊர்தி ஓட்டிப் பிழைக்கும் தங்கை நகைத்தாள்.

“எலும்பு ஒடஞ்சா வலிக்காம, கிச்சுகிச்சா மூட்டும்? மாத்திரை போட்டாச்சுல்ல, பேசாம படு.”

அவள் அடுப்படியில் நின்றபோது அலறல் அறுந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டவள், திரும்பி வந்து பார்த்தபோது, அவன் நெற்றியெல்லாம் வியர்வை அரும்ப, தன் விரல்களைப் பிறர் விரல்கள்போல் வெறித்திருந்தான்.

“வலி விட்டுருச்சா அண்ணா?”

“தெரியல. விரல் இருக்கிற மாதிரியே தெரியல.”

தொட்டாள், மழையில் நனைந்த கல்லெனக் குளிர்ந்திருந்தன, வீங்கி, நீலம் பாய்ந்திருந்தன. ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினாள். முன்கையின் ஆழத்திலிருந்து வெடித்தெழுந்த வலியில் அவன் உடல் வில்லென வளைந்தது. அடுப்பை அணைத்து, அவனைத் தாங்கிப் படியிறக்கித் தன் ஊர்தியில் ஏற்றினாள்.

“கைய எடுத்துருவாங்களா?” என்றான் வழியில். அவள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே விரைந்தாள்.

மருத்துவர் விரல்நுனிகளை அழுத்திப் பார்த்த அளவில் முகம் மாறினார். “உள்ள வீங்கிருக்கு, விரிய இடமில்ல. ரத்த ஓட்டம் நிக்குது. இப்பவே பிரிக்கணும்.”

“வலிச்சப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்ல டாக்டர்?”

“ஆமாம்மா. வலி கூடிக்கிட்டே போனா காத்திருக்கவே கூடாது. இப்பவாவது வந்தீங்க.”

கட்டறுக்கும் கருவி உறுமிற்று, வெண்பொடி பறந்தது, கட்டு இருபுறமும் பிளந்த பின்னரும் விரல்கள் சிவக்கவில்லை. தோலின் அடியில் சதையை இறுக்கிய சவ்வுறையைக் கீறித் திறக்க அவனை அறுவை அறையினுள்ளே கொண்டுசென்றனர். மூடிய கதவின் முன், தான் நகைத்த நகைப்பே தன் செவியிற் காய்ச்சிய ஈயமாய் இறங்க, அந்நங்கை சுவரைப் பற்றி நடுங்கி நின்றாள்.

கை பிழைத்தது. திங்கள் சில கழிந்து எலும்பும் கூடிற்று. இரு விரல்கள் மட்டும் முழுதும் மடங்க மறுத்தன. அவன் மீண்டும் தொழிலுக்குச் செல்கிறான். ஏணியின் அடியை ஒருவர் பற்றாமல் ஏறுவதில்லை. அவளோ, அவன் கண்ணயர்ந்த வேளைகளில் ஓசையின்றி அருகமர்ந்து, அவ்விரல்களைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, வெம்மை உணர்ந்த பின்னரே எழுகிறாள். முறிந்த எலும்பு பொருந்துதற்கு ஒரு காலவரை உண்டு. உற்றாரின் துயரைச் செவிமடுக்கத் தவறிய நெஞ்சின் நடுக்கத்துக்கோ, அன்பரே, அத்தகைய வரை இல்லை.