பாசஞ்சரை ஓட்டிய அப்பா

எங்கள் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நான் படிப்பை நிறுத்தி வெகுநாளாகிறது. எங்கள் வீட்டில் தவறாமல் பள்ளிக்கூடம் போகிறவர் அவர்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை செய்துகொண்டு வந்தால்தான் வேலை என்று பள்ளியில் வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் ஒப்புக்கொண்டார். கண்ணாஸ்பத்திரிக்கு எங்கள் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

"வரும்போது கண்ணுல கட்டோட ஓட்டுவீங்களா?" என்றாள் அம்மா.

"எனக்கு ரோடு மனப்பாடம்டி."

"எதுத்தாப்ல வர்ற லாரிக்கு உங்க மனப்பாடம் தெரியுமா?"

கார் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். ஆகவே மூன்று பேருக்கும் பாசஞ்சர் ரயில்.

பாசஞ்சருக்கு இரக்க குணம் அதிகம். ஒரு மரமும் ஒரு நாயும் இருந்தால் போதும், நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். அப்பா சன்னலோரம் உட்கார்ந்து ரயிலை ஓட்ட ஆரம்பித்தார். வளைவு வந்தால் கால் தரையை அழுத்தியது. ஏற்றம் வந்தால் கை, அங்கே இல்லாத கியரைத் தேடியது. பக்கத்தில் இருந்தவரின் முழங்காலை இரண்டு தடவை மாற்றிப் போட்டுவிட்டார்.

"அண்ணே, நான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேன். அதுவரைக்கும் நியூட்ரல்ல விட்டுருங்க" என்றார் அவர்.

அந்த அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறதாம். பெரிய மனிதர் போகட்டும் என்று எங்கள் வண்டி ஒதுங்கிக்கொண்டது.

ஆபரேஷனிலிருந்து நழுவ அப்பாவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இந்த ஆமையில போய்த்தான் எனக்கு ஆபரேஷன் ஆகணுமா? நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன்."

"போங்க. வேன் வேற எவனுக்காவது போகட்டும்." வாய்தான் அப்படிச் சொன்னது. அம்மாவின் கை என்னை அவர் பின்னால் தள்ளியது.

இறங்கியவர் பஸ்ஸைத் தேடவில்லை. நேரே இன்ஜினிடம் போனார். தொழில் பாசம். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"ஏம்ப்பா, பச்சை விழுந்தாச்சு. எடுக்காம தூங்குறியா?"

ரயில் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "எங்கண்ணே பச்சை?"

"அதோ!"

"அது கேட்மேன் வீட்டுக் கொடியில காயிற துண்டு. சிக்னல் இந்தப் பக்கம். செவப்பா இருக்கு பாருங்க."

நடைமேடையே சிரித்தது. அப்பா கண்ணைச் சுருக்கினார், விரித்தார், தலையைச் சாய்த்தும் பார்த்தார். அதற்குள் எக்ஸ்பிரஸ் தடதடவென்று வந்து, எங்கள் முகத்தில் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

"நம்ம ஸ்கூல் முக்குல ஒரு சிக்னல் இருக்குல்ல... தினம் பிள்ளைங்களோட தாண்டுறேனே..." என்றார் அப்பா மெதுவாக.

அதற்கு அம்மாவிடம் அருமையான பதில் இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு பதிலை விழுங்கினாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "மாறிருச்சாம்மா?"

"பச்சை விழுந்துருச்சுப்பா."

எங்களுக்கு முன்னால் அவரே ஏறினார். சன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார். அடுத்த வளைவில் மட்டும் அவர் கால் தரையை அழுத்தியது. வண்டியும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுபோல் வேகத்தைக் குறைத்தது. பாசஞ்சர் அல்லவா, அதற்கு அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.