விற்பவர் முதலில் ஏற வேண்டும்

குதிரை வாங்க வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள், விற்பவனின் பேச்சை மட்டும் நம்பமாட்டார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், காலைத் தடவிப் பார்ப்பார்கள், டாக்டரைக் கூட்டிவந்து குளம்பிலிருந்து முட்டி வரை எக்ஸ்ரே எடுப்பார்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர்கள் தரப்பில் யாராவது ஒருவர் முதலில் ஏறி, தடைகளைத் தாண்டிக் காட்ட வேண்டும். அது எந்தச் சட்டத்திலும் இல்லை. சொந்தக்காரனே ஏறத் தயங்குகிற குதிரைமேல் அடுத்த வீட்டுப் பிள்ளையை எவன் ஏற்றுவான்? கொஞ்சம் தயங்கினாலும் போதும், வந்தவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். பொழுது சாய்வதற்குள் சுற்றுவட்டாரத்து லாயங்களுக்கெல்லாம் சேதி போய்விடும், அந்தக் குதிரையில் ஏதோ கோளாறு என்று.

அந்த லாயத்தில் ஏறிக் காட்டுவது அவள் வேலை. பேசுவது அவள் கணவன் வேலை. தொழில் வட்டாரத்தில் அவனுக்குச் சக்கரை என்று பெயர். பேச ஆரம்பித்தால் கல்லும் தலையாட்டும். அவனும் ஒரு காலத்தில் பெரிய தடைகளைத் தாண்டியவன்தான். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபிறகு சேணத்தை விட்டுவிட்டான். இடுப்பில் போனதை நாக்கில் ஈடுகட்டிவிட்டான் என்று சக வியாபாரிகள் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பச்சைப் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் எதிரே நிற்பவர் ஒரு நூல் எடுத்துக் கொடுத்தால் அதை வைத்துப் புடவையே நெய்துவிடுவான்.

சில வாரங்களாக அவள் எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. வயிற்றில் மூன்றாம் மாதம்.

இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சக்கரைக்குத் தலைகால் புரியவில்லை. தீவனக்காரர், லாடம் அடிப்பவர், குதிரை ஏற்றிப்போகும் லாரி டிரைவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தான். பிறகு ஒவ்வொருவரிடமும் போய்க் கரு தங்கவில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. தீவனக்காரரிடம் அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அந்தப் பேச்சுக்காரனுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

இரண்டாவது போனபோது அவள் ஒரு கறுப்புப் பெண்குதிரையைத் தினமும் பழக்கிக்கொண்டிருந்தாள். ஏறினதால்தான் போனதா என்று டாக்டரிடம் கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. சக்கரை ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் அந்தக் கறுப்பை அடுத்த மாதமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். பேரம் பேசாமல் அவன் விற்ற குதிரை அது ஒன்றுதான்.

அதனால் இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை. ஸ்கேன் பார்த்து, எல்லாம் சரி என்று டாக்டர் சொன்னபிறகுதான் அவனிடம் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். அதுவரை மணிக்கட்டு சுளுக்கு என்று கையில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு, குதிரைகளை நீளக் கயிற்றில் விட்டு வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். சக்கரை தைலம் வாங்கிவந்து கொடுத்தான். அதை வாங்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விற்க வேண்டியிருந்தது ஒரு செவலைக் குதிரை. நல்ல உயரம், தங்கமான குணம். தடையைக் கண்டால் காதை முன்னால் விறைத்துக்கொண்டு தானாகப் போகும். அதைப் பார்க்க அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருந்த பயிற்சியாளர் அம்மாள், பக்கத்தில் வேறு குதிரை பார்க்க வந்தேன் என்று சொல்லி, அன்று காலையிலேயே மாணவியோடு வந்து இறங்கிவிட்டார்.

அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பயிற்சியாளர் அம்மாள் அறுபதைத் தாண்டியவர். வந்ததும் கைகொடுத்தார், காபி வேண்டாம் என்றார், நேரே செவலை நின்ற கொட்டடிக்குப் போனார். மாணவி காலேஜ் படிக்கிற பெண். குதிரையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை அம்மாள் ஒரு முறைப்பில் அடக்கினார். ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்று அவருக்குத் தெரியும்.

"யார் ஏறிக் காட்டுறது?" என்றார் அம்மாள்.

"வழக்கமா இவதான் மேடம். பாருங்க, நேரம் பார்த்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கிட்டா" என்றான் சக்கரை. "அதனால என்ன? உங்க பொண்ணு ஏறட்டும். தொட்டில்ல உட்கார்ந்த மாதிரி இருக்கும்."

அம்மாள் ம் என்றார். அந்த ம்மில் சம்மதம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

செவலையை வெளியே கொண்டுவந்தார்கள். மாணவி சேணத்தை வைத்து வயிற்று வாரைப் போட்டாள். பெரிய லாயத்தில் வேலையாட்கள் பூட்டிக் கொடுத்துப் பழகின பெண் போலிருக்கிறது, வாரைச் சரியாக இறுக்கவில்லை. செவலை ஓர் அடி நகர்ந்ததும் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

சக்கரையின் மனைவி யோசிக்கவில்லை. இருபது வருஷப் பழக்கத்துக்கு யோசனை எங்கே வேண்டியிருக்கிறது? நாலு எட்டில் போய்ச் சேணத்தைத் தூக்கி, சரியாக வைத்து, வாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, கடைசித் துளைவரை ஏற்றிப் பூட்டினாள். கட்டுப்போட்ட கைதான் அதிகம் இழுத்தது. பூட்டி நிமிர்ந்தபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அம்மாள் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுளுக்கு சீக்கிரமே குணமாயிடுச்சு போல" என்றார்.

சக்கரை மனைவியைப் பார்த்தான். அவனுக்கே அது புதுச் செய்தி.

"தம்பி, எனக்குக் காது குத்தி ரொம்ப வருஷமாச்சு" என்றார் அம்மாள். கோபப்படாமல்தான் சொன்னார், அதனால்தான் அது அதிகம் சுட்டது. "கை நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு இந்தக் குதிரைமேல ஏறமாட்டேங்குது. அதுக்குத் தெரிஞ்சது என்னவோ, எனக்கு வேண்டாம். நாங்க கிளம்பறோம்."

"மேடம், ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்." சக்கரை அவள் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தினான். "என்ன ஆச்சு உனக்கு? கோளாறில்லாத குதிரைக்குக் கெட்ட பேர் வரப்போகுது. ரெண்டே ரெண்டு தடை, சின்னதா வைக்கறேன். ஏறிக் காட்டிட்டு இறங்கிடு."

அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். அம்மாள் ஏற்கெனவே கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். இவர்கள் இரண்டு பேரும் மறைவுக்குப் போய்த் திரும்பி வந்தால், அப்புறம் என்ன சொன்னாலும் ஜோடித்தது என்றுதான் ஆகும்.

அவள் தயங்கியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் சக்கரை. செவலையின் பக்கத்தில் போய்க் குனிந்து, இரண்டு கைவிரல்களையும் கோத்து, அவள் கால் வைத்து ஏற வசதியாகப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படித்தான் ஏற்றிவிட்டிருக்கிறான். செவலையும் அவளைக் கண்டு தலையைத் தாழ்த்தியது. ஏறினால்தான் என்ன, இரண்டு தடைதானே, ஒன்றும் ஆகாது என்று மனசின் ஒரு மூலை சொன்னது. போன தடவையும் அதே மூலைதான் அதையே சொன்னது.

"நான் ஏறமாட்டேன்" என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்தது. "குதிரைமேல ஒரு குத்தமும் இல்லை மேடம். நான் முழுகாம இருக்கேன். மூணாவது மாசம்."

சக்கரை குனிந்தபடியே தலையைத் தூக்கினான். ஒரு கணம் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த கணம் அது விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று. நிமிர்ந்தான், அவள் தோளில் கைவைத்தான், கண்கூடக் கலங்கிவிட்டது.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தோம் மேடம்" என்றான். குரல் தழுதழுத்தது. "முதல் குழந்தை. கண் பட்டுடுமோன்னு பயம். படி ஏறறதுக்கே யோசிக்கச் சொல்லியிருக்காங்க டாக்டர். நான்தான் இவளைக் குதிரைப் பக்கமே போகாதேன்னேன். அந்தக் கட்டுகூட என் யோசனைதான். இப்பக்கூடப் பாருங்க, ஏறச் சொன்னது சும்மா உங்களுக்காக. ஏற விட்டிருப்பேனா?"

முதல் குழந்தை என்றது அவளை எங்கோ குத்தியது. ஆனாலும் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை வாரம் தனியாகச் சுமந்ததை இறக்கிவைத்தாகிவிட்டது. அவன் எப்படி ஏற்றுக்கொள்வானோ என்று எத்தனை தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள். ஊரார் முன்னால் பெருமையை விட்டுக்கொடுக்காமல் எல்லாம் தெரிந்தவன்போல் பேசுகிறான், பேசட்டும் என்று நினைத்தாள். அவளுக்கும் கண் நிறைந்தது.

அதைப் பார்த்துத்தான் அம்மாள் இளகினார். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன பொண்ணே? நல்லா இருக்கணும். எட்ட நில்லு, குதிரைகிட்ட வராதே" என்று அதட்டினார். வழக்கத்தை அவரே விட்டுக்கொடுத்து மாணவியை ஏறச் சொன்னார்.

செவலை மானத்தைக் காப்பாற்றியது. முதல் தடையிலேயே காதை விறைத்துக்கொண்டு போய், கம்பில் குளம்பு படாமல் எழுந்து இறங்கியது. மாணவி சிரித்தாள். இந்தத் தடவை அம்மாள் முறைக்கவில்லை. குதிரை டாக்டர் வந்து பார்த்து நல்லது என்றால் செவலை எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். காரில் ஏறும்போதும் கண்ணாடியை இறக்கி, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்.

கார் திரும்பி மறையும்வரை சக்கரை கையாட்டிக்கொண்டே நின்றான். பிறகு வாசல் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி, கைதட்டிச் சிரித்தான்.

"அடி சக்கை! என்ன மாதிரி எடுத்துவிட்டே! எனக்கே அந்த நேரத்துல தோணலையே. அந்தக் கிழவி அப்படியே உருகிடுச்சு. நீ கண்ணைக் கசக்கினே பாரு, அங்கதான் வியாபாரம் முடிஞ்சுது."

அவள் செவலையின் கழுத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். முதலில் அவன் சொன்னது காதில் ஏறவில்லை. ஏறியபிறகு, சற்றுமுன் பார்த்த அந்தக் கலங்கிய கண்ணை நினைத்தாள். அது அவளுக்காகக் கலங்கவில்லை. அவள் ஒரு நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அவன் நெய்திருக்கிறான். அவ்வளவுதான்.

"நான் எதையும் எடுத்துவிடலைங்க" என்றாள்.

"அவங்கதான் போயாச்சே. இன்னும் யாருக்கு நடிக்கிறே?" என்றான் சிரித்துக்கொண்டே.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மணிக்கட்டுத் துணியை மெதுவாக அவிழ்த்து, சுருட்டி, பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவன் சிரிப்பு ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது. தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

"நான் கை கோத்துக் குனிஞ்சேனே" என்றான். "நீ காலை வச்சிருந்தா?"

"வைக்கலையே."

"நான் ஏத்தி விட்டிருப்பேன். என் கையாலயே ஏத்தி விட்டிருப்பேன்."

பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த தீவன வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். இடுப்பு வலிக்கு அவ்வளவு தாழ உட்காரக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். முகம் வெளிறிப்போயிருந்தது. அதில் சந்தோஷம் என்று சொல்ல ஒரு துளி இல்லை, பயம் மட்டுந்தான் இருந்தது. அவள் ஒத்திகை பார்த்தவற்றில் இந்த முகம் இல்லை. ஆனால் அவள் போன இரண்டு தடவையும் தனியாகப் பட்ட பயம் இது. அவனுக்கும் அது உண்டு என்று இன்றுதான் பார்க்கிறாள். அவளுக்கு அவன்மேல் கோபம் நிற்கவில்லை.

"ஸ்கேன் எப்போ?" என்றான்.

"வர்ற வாரம்."

"நானும் வர்றேன்." வாளியிலிருந்து எழுந்தான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நான் இப்ப சொன்னதெல்லாம்... அது கணக்கில்லை, என்ன? பொய்யின்னு நினைச்சுச் சொன்னேன். நீ சொன்னதையும் நான் சரியாவே கேட்கலை. இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள். சக்கரைக்குப் பேச ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.